ஞாயிற்றுக்கிழமை தூரம்

வீடு பார்க்க ஆரம்பித்ததிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. இப்போது குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு விடுவதற்குள் காலி செய்தாக வேண்டும். போன வாரக் கதையிலும் இதைத்தான் சொன்னோம். என்ன செய்வது, அவளுக்குத் தினமும் கண் விழித்ததும் முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

அவள் ரேடியோவில் வேலை பார்க்கிறாள். காலையில் ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், சுவர் முழுக்க ஓடும் கேமராப் படங்களைப் பார்த்து, எந்தச் சாலையில் நெரிசல், எந்தச் சந்திப்பில் எவன் எவன்மேல் மோதிவிட்டு நடுரோட்டில் நின்று சண்டை போடுகிறான் என்று மைக்கில் சொல்கிறவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நாள் பூரா லிஃப்டோட மாரடிச்சுட்டு, வீட்டுக்கும் லிஃப்ட்லதான் போகணுமா?" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. தரையோடு தரையாக வீடு வேண்டும். அந்த ஒரு நிபந்தனையில் அடிபட்டுப் போன நல்ல வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிகிறது.

இவர்களுக்கு ஒரே மகள். பதினொரு வயது. வாயைத் திறந்தால் மூடாததால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வக்கீலின் கட்சி சுலபமானது: சைக்கிள் ஓட்ட ஒரு தெரு வேண்டும். அவ்வளவுதான்.

இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் தெருவில், நேர் எதிர்வீடு காலியாகிறது. தனி வீடு. முன்னால் மரம். பக்கத்தில் பள்ளிக்கூடம், பூங்கா. "குடும்பமா வாழறதுக்குன்னே கட்டின தெரு தம்பி!"

தம்பி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "சரிக்கா."

எதிரில் மனைவி என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்ற வேண்டாமா?

"பாலம் தாண்டிக் குடி போனா என் காலைச் செய்தி போச்சுங்க. நேரத்துக்கு வர முடியலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்றாள் அவள்.

"மத்தியானச் செய்தி வாசிக்கலாமே."

"மத்தியானம் ரோட்டுல எவன் இருக்கான், நான் யாருக்கு வாசிக்கறது?"

"அக்கா வீடு என்ன அடுத்த கண்டத்துலயா இருக்கு? வக்கீல் டாக்ஸியில ஏறிக் கண்ணை மூடறதுக்குள்ள வந்துடுது."

"அது ஞாயிற்றுக்கிழமை தூரம். திங்கக்கிழமை தூரம் வேற."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. "சரி, ஒத்திகை பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அங்க படுத்து, திங்கக்கிழமை அங்கேயிருந்து வேலைக்குக் கிளம்புவோம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டா நான் வாயே திறக்கலை." அந்தத் திங்கட்கிழமைக்கு அவள் லீவு போட்டாள். அவள் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் செய்தி வாசிப்பதாக ஏற்பாடு.

*

திங்கட்கிழமை விடிந்ததும் நாத்தனார் செய்த முதல் காரியம் ஒத்திகையைக் கெடுத்ததுதான்.

"பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கார் சொல்லி வெச்சிருக்கேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விட்டுடுவார். சாப்பாடு கட்டியாச்சு. உன் செருப்பைக்கூடத் துடைச்சு வெச்சிருக்கேம்மா."

"அண்ணி, அவர் தினமும் கொண்டு விடுவாரா?"

"இன்னைக்கு மட்டும்தான்."

"அப்ப நான் தினமும் எப்படிப் போவேனோ அப்படித்தான் இன்னைக்கும் போகணும்."

"பஸ் ஸ்டாப் என்ன, இதோ எட்டின தூரம்!" நாத்தனாருக்கு எல்லாமே எட்டின தூரம்தான். பள்ளிக்கூடம் எட்டின தூரம், மார்க்கெட் எட்டின தூரம், நிலாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

கணவர் தன் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் போகும் பையன் மாதிரி நல்ல பிள்ளையாக நின்றார். நாத்தனார் வீட்டுக்காரரும் கிளம்பி நின்றார். அவர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். பல வருஷமாக இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போய் வருகிறார். நின்ற இடத்தில் அப்படியே கண்ணயர்ந்துவிடும் வித்தை அவருக்குக் கைவந்தது.

வாசல் படியில் மாமனார் ரேடியோவைக் காதருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி போன பிறகு அவர் மகளோடுதான் இருக்கிறார். மருமகளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னைக்கு நீ வாசிக்கலையா?"

"இல்ல மாமா, லீவு."

"அப்ப அந்தப் புதுப் பொண்ணுதான் வருவாளா? அவ மூக்கால பேசுவா."

அவர் தன் செய்தியைக் கேட்பார் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். யாரும் சொல்லவில்லை, அவரும் சொன்னதில்லை. நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

தெருவில் வக்கீல் அதற்குள் சைக்கிளில் ஏறியிருந்தாள். வெளியூரில் படிக்கும் நாத்தனார் மகனுடைய பழைய சைக்கிள். நேற்று விழுந்து எழுந்து, இன்றைக்குக் கையை விட்டு ஓட்டிக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பள்ளிக்கு லீவு எழுதியாகிவிட்டது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை அத்தை கூட்டிப்போய்க் காட்டுவதாகப் பேச்சு.

"அம்மா, இங்கே பாரு! இங்கே பாரு!"

அவள் பார்த்தாள். மரத்தடியில், வண்டி வாகனமே இல்லாத அந்தத் தெருவில், மகள் தலைமுடி பறக்க வளைந்து வளைந்து போனாள். அவளும் கையை ஆட்டினாள். கூடவே கோபமும் வந்தது. இந்தத் தெரு இவ்வளவு நன்றாக இருந்து தொலைக்க வேண்டுமா?

*

எட்டின தூரத்தில் இருந்த பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் கணவர் டூல்ஸ் பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி வைத்தார். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல நடந்தாள். அப்படி நடப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருந்தது.

முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது நின்றது, ஆனால் படியில் காலை வைக்க இடமில்லை. மூன்றாவதில் எக்ஸ்ரே அண்ணன் முன்னால் போய், "கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடிங்க... இன்னும் கொஞ்சம்..." என்று தொழில் குரலில் சொல்ல, நாலு பேர் அனிச்சையாக மூச்சை இழுத்தார்கள். கிடைத்த சந்தில் மூன்று பேரும் நுழைந்தார்கள்.

"தினமும் இப்படித்தானா அண்ணா?"

"இல்லம்மா. இன்னைக்குக் கூட்டம் கம்மி."

பாலத்தின் வாயில் பஸ் நின்றது. சிக்னல் என்று நினைத்தாள். சிக்னல் இல்லை. பாலம் முழுக்க வண்டிகள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. முன்னால் ஒருவர் இன்ஜினை அணைத்துவிட்டு, காரில் உட்கார்ந்தபடியே நிதானமாக ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

டிரைவருடைய ரேடியோவில் செய்தி வந்தது. புதுப் பெண்ணின் குரல், நிஜமாகவே கொஞ்சம் மூக்கால்தான்: "ஆற்றுப் பாலத்தில் வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன."

பஸ் முழுக்கச் சிரித்தது. சந்தோஷச் சிரிப்பில்லை.

"எங்க நகருது?" என்றார் கம்பியைப் பிடித்திருந்த ஒரு பெரியவர். "தினமும் இதே பாட்டு. இதுக்கு முந்தி ஒரு பொம்பளை வருவா, அவளும் இதையேதான் சொல்லுவா."

"அவ குரலைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்" என்றாள் ஜன்னலோரப் பெண்மணி. "மெதுவாக நகர்கின்றனவாம்! ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு. ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்து பார்த்திருப்பாளா?"

பார்க்க வந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். கணவர் இருமுவது போல வாயைப் பொத்திச் சிரித்தார்.

பாலத்துக் கேமரா உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஏதோ ஊர்வது போலத்தான் தெரியும். அதுவுமில்லாமல், 'நிற்கின்றன' என்று சொன்னால் கேட்பவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று ஆரம்பத்திலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் அதையே புதுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கணவருடைய சிரிப்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. போன் அடித்தது. நகர மத்தியில் ஒரு கட்டடம். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மாள், அவளுடைய நாய். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் நம்பர் இவருடையது.

"பயப்படாதீங்கம்மா. கதவைத் தள்ளாதீங்க. காத்து நல்லா வரும். இதோ வந்துக்கிட்டே இருக்கேன்."

பஸ் அசையவில்லை. மறுபடி போன். இந்தத் தடவை நாய் குரைப்பது பஸ்ஸுக்கே கேட்டது.

"வந்துக்கிட்டே இருக்கேம்மா... நாய்க்கு அவசரமா? எதுக்கு அவசரம்? ...ஓ. ஐயோ, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கம்மா."

"நாயைப் பொறுக்கச் சொல்றாருப்பா!" என்றார் பெரியவர்.

"பாலத்துல நிக்கறேன்னு உண்மையைச் சொல்லுங்களேன் சார்" என்றாள் ஜன்னலோரப் பெண்மணி. "அந்த ரேடியோக்காரிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

கணவர் மனைவியைப் பார்த்தார். இப்போது சிரிப்பது அவள் முறை. ஆனால் சிரிப்பு வரவில்லை. நகரத்துக்குள் இருந்தால் எந்தக் கட்டடத்திலிருந்து கூப்பிட்டாலும் இவர் டீ ஆறுவதற்குள் போய் நிற்பார். அந்தப் பெயரை வைத்துத்தான் இவருக்கு வேலையே வருகிறது. பாலத்தைத் தாண்டிக் குடி வந்தால் தன் வேலை போகும் என்று மட்டும்தான் அவள் நினைத்திருந்தாள். இவருடையதும் சேர்ந்தல்லவா போகும்!

"நான் இறங்கி நடக்கறேன்" என்றார் அவர். டூல்ஸ் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து இறங்கினார். நடைபாதையில் ஒரு கையால் பையை அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அவர் வண்டிகளை எல்லாம் முந்திக்கொண்டு போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவளுக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு எரிச்சலுக்கு நடுவில் பரிதாபம் வேறு!

அவள் போனை எடுத்து ஸ்டூடியோவைக் கூப்பிட்டாள்.

"பாலத்துல வண்டி நகரலை. 'நிற்கின்றன'ன்னு சொல்லு."

"அக்கா, அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். யார் கேட்டாலும் என் தலையில போடு."

கொஞ்ச நேரத்தில் ரேடியோ சொன்னது: "ஆற்றுப் பாலத்தில் வாகனங்கள் நிற்கின்றன. மாற்று வழி இருப்பவர்கள் அதில் செல்லவும்."

பஸ்ஸில் கை தட்டினார்கள். பெரியவர் விசிலே அடித்தார். "புதுப் பொண்ணு பரவாயில்லப்பா! பழசு தொலைஞ்சது நல்லதாப் போச்சு!"

*

கை தட்டலில் எக்ஸ்ரே அண்ணன் கண் விழித்தார். மச்சான் இறங்கிப் போய்விட்டான் என்று தெரிந்ததும் அவளருகே நகர்ந்து நின்றார். ஏதோ சொல்ல வந்து, விழுங்கி, மறுபடி வந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன். நான் சொன்னதாத் தெரிய வேண்டாம்."

"சொல்லுங்கண்ணா."

"இந்தப் பக்கம் வராதீங்க."

அவள் திகைத்தாள். "அண்ணி அவ்வளவு ஆசையாக் கூப்பிடறாங்களே?"

"அதான் சொல்றேன்." அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல எனக்கு குவார்ட்டர்ஸ் கிடைச்சிருக்கு. நானும் எத்தனை வருஷம்தான் இந்தப் பாலத்துல தூங்கறது? பெரிய லீவுக்கு நாங்க கிளம்பறோம். உங்க மாமனார் மட்டும் வர மாட்டேங்கிறார். குவார்ட்டர்ஸ் மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வீட்டை விட்டு நகர மாட்டேன்னு பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கறார். உங்கண்ணி என்ன பண்ணுவா? தம்பி எதிர்வீட்டுக்கு வந்துட்டா அப்பாவை அவன் பார்த்துப்பான்னு..."

அவர் மறுபடி கம்பியைப் பார்த்தார். மீதி அவளுக்கே புரிந்தது.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகியது. குடும்பமாக வாழ்வதற்கென்றே கட்டின தெருவாம்! இவர்கள் ஒரு பக்கம் வந்து இறங்க, அவர்கள் மறுபக்கம் ஏறிப் போவார்களாம். ஆழம் பார்க்கத் தம்பி கால்தான் கிடைத்ததா? பெற்ற அப்பா. வாயைத் திறந்து கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்போம்? 'அப்பாவை வைத்துக்கொள்' என்று கேட்க முடியாமல், மரத்தையும் பூங்காவையும் காட்டிக் கூப்பிட்டிருக்கிறாள்.

நாத்தனார்மேல் கோபம்தான். ஆனால் இந்த மனுஷர் நின்றபடி தூங்கப் பழகிய வருஷங்களையும் அவள் இப்போது பார்த்துவிட்டாளே. முழுசாகக் கோபப்படவும் விடமாட்டேன் என்கிறார்கள்.

"இன்னைக்கே உங்க மச்சான்கிட்ட சொல்லுவேன் அண்ணா" என்றாள்.

"சொல்லும்மா. என் பேரை மட்டும் விட்டுடு." கண்ணை மூடிக்கொண்டார். "அசையாம நிக்கறவங்களைத்தான் எனக்குப் பழக்கம். சண்டை போடறவங்களைப் பழக்கமில்லை."

*

லிஃப்ட் நின்றுபோன அந்தக் கட்டடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, காலைச் செய்தி எப்போதோ முடிந்திருந்தது. ஒத்திகையில் அவள் சொன்னதுதான் ஜெயித்தது. ஜெயித்தவளுக்குக் கால் வலித்தது.

கணவர் கீழ்த்தள மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. லிஃப்ட் வாசலில் ஒருத்தி தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"நாய் பொறுக்கலை" என்றார் அவர்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தம்மா என்னைக் கேட்ட கேள்வியில நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. இனிமே வேற ஆளைக் கூப்பிடப் போறாங்களாம்." கையைத் துணியில் துடைத்தார். கிரீஸ் போகவில்லை. "நீ சொன்னது சரி. திங்கக்கிழமை தூரம் வேறதான். அக்காவுக்கு இப்பவே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

இந்த வார்த்தைக்காகத்தானே அவள் ஒரு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது வந்துவிட்டது. ஆனால் இவர் அக்காவிடம் வேண்டாம் என்று சொன்ன நிமிஷம், அந்த வாசல் படியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு யார்?

"இருங்க. போன் பண்ணாதீங்க."

"ஏன்? ஒரு வாரமா நீதானே..."

"முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்."

சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் போன் அடித்தது. வக்கீல்.

"அம்மா! ஸ்கூல்ல கிரவுண்டு எவ்ளோ பெரிசு தெரியுமா? ஆனா நான் அதுக்குப் பண்ணலை. தாத்தா பண்ணச் சொன்னார். முதல்ல, ரேடியோல இன்னைக்குத்தான் உருப்படியா உண்மையைச் சொன்னாங்களாம். அது உன் வேலையான்னு கேக்கறார்."

"ஆமான்னு சொல்லு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைய தினத்தின் முதல் சிரிப்பு.

"ரெண்டாவது, அத்தை கடைக்குப் போற வரைக்கும் வெயிட் பண்ணிட்டு, என்கிட்ட ரகசியமாச் சொன்னார்." வக்கீல் குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். "தாத்தா தன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடுத்துத் தொடைச்சு வெச்சிருக்கார்மா. அத்தை வீட்டுல பேசிக்கறது எல்லாம் அவருக்குக் கேக்குமாம். கேக்காத மாதிரி ரேடியோவைக் காதுல வெச்சுப்பாராம்."

அவளுக்குக் கண் எரிந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, இருக்கியா? அப்பாகிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார். அப்பா கோச்சுப்பாரோன்னு உன்கிட்ட கேக்கறார்."

"என்ன கேக்கறார்?"

"சிட்டியில நாம பார்க்கற வீட்டுல லிஃப்ட் இருக்குமான்னு. அவரால மாடி ஏற முடியாதாம்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு, அப்பாவா?" என்றார். "என்னவாம்?"

அவள் போனை அவர் காதில் வைத்தாள்.

"நீங்களே கேளுங்க."